காமிரா நிற்கும் இடம்

ஐந்தாவது சீனை மனைவி திரிபுரசுந்தரி வாசித்துக் காட்டியபோது, தான் சொல்லாத ஒரு வரி அதில் இருப்பதைக் கைலாசநாதன் கவனித்தார்.

"‘காமிரா மேலே இருக்கிறது,’" என்று அவள் வாசித்தாள். "‘கூடம் முழுக்கத் தெரிகிறது. தூணோரமாக மண்பானை. பானைமேல் கவிழ்த்த செம்பு.’"

"நில்லு. மேலே இருக்குன்னு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"வாசல்ல நிக்குதுன்னு சொன்னேன். துப்பறியும் வேதரத்தினம் காரைவிட்டு இறங்கி உள்ளே வர்றார். காமிரா வாசல்லதானே நிக்கும்? ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு மேலேருந்து தொங்குமா?"

"சொன்னதைத்தானே எழுதினேன். பானையும் நீங்க சொன்னதுதான். நாலு சீனா அந்தப் பானையை விடமாட்டேங்கறீங்க. எழுந்ததும் ரெண்டு செம்பு தண்ணி குடிக்கறீங்க."

அவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். அவர் கண்ணை மூடிச் சொல்லச் சொல்ல அவள் எழுதிய முத்துமுத்தான எழுத்து. முதல் சீனிலும் காமிரா மேலேதான் இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. ஆனால் துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பொய் சொல்லாதவர்களைத்தான் அவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். கைலாசநாதனுக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது.

அவருக்குக் காரைக்கால் மேரியில் குமாஸ்தா உத்தியோகம். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியும் நகராட்சிக் கட்டடத்தை ஊர் மேரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் ஊரார் பிறப்பையும் சாவையும் பதிந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தன் பங்குக்கு நாலு பேரைக் காகிதத்தில் கொன்றுகொண்டிருந்தார். அப்படி எழுதியவற்றில் ‘வண்டியில் வராதவள்’ என்ற நாவல் நன்றாக விற்றது. யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் ஒரு பெரிய வீடு காலியாகிறது. பெண்கள் திரை போட்ட இரண்டு வண்டிகளில் வேறுவேறு ஊருக்குப் போகிறார்கள். வண்டிகள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு இளம்பெண் இரண்டிலும் இல்லை. நகைகளோடு ஒரு தங்கக் கடத்தல்காரனுடன் படகேறிவிட்டாள் என்பதைத் தனியார் துப்பறிவாளர் வேதரத்தினம் கண்டுபிடிக்கிறார். பேய் பிசாசு எதுவும் இல்லாத, எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிற நவீன நாவல் என்று முன்னுரையில் அவரே எழுதிக்கொண்டார்.

அதைப் படமாக்க மதராஸில் ஒரு கம்பெனி ஆசைப்பட்டது. சுப்ராயன் என்ற உதவி டைரக்டர் நேரிலேயே வந்து, வாழையிலையில் சாப்பிட்டு ஏப்பம் விட்டு, பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். "கதை சொல்லாதீங்க சார். கதையை நாங்க பாத்துக்கறோம். கண்ணை மூடிக்குங்க. காமிரா எங்கே நிக்குதுன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் அது என்ன பாக்குதுன்னு சொல்லுங்க. நீங்க பாக்கறதை இல்லே, அது பாக்கறதை." வெள்ளிக்கிழமை திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. முதலாளிக்குப் பிடித்தால் கைலாசநாதன் குடும்பத்தோடு மதராஸ் போய்விடலாம். இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் அவர் இருபது வயதிலிருந்து மையில் கைநனைத்துக்கொண்டிருந்தார். மேரியில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்துவிட்டார். இது தவறினால் அந்த முகங்களுக்கு எதிரே, அதே ஸ்டூலில், பென்ஷன் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர்கள் குடியிருந்தது மரைக்காயர் தெருவில் ஒரு பழைய கப்பல்காரர் வீடு. மூத்தவர் மீரா சாகிப் சைகோனில் இருந்தார். தம்பி அப்துல் லத்தீப் திருமலைராயன்பட்டினத்தில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். கீழ்க்கட்டு முழுவதும் இவர்களுக்கு. பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கிற கூடம், கதவுகளுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, கூடத்தின் மேற்குச் சுவர் மட்டும் ஓர் ஆணி கூட இல்லாமல் உத்தரம் வரைக்கும் வெள்ளையடித்து வெறுமையாக நிற்கும். நடையின் கோடியில் மாடிப்படிக்கு ஒரு கதவு. குடிவந்த அன்று லத்தீப் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மாடியிலே எங்க சாமான் கொஞ்சம் கிடக்குது. அந்தக் கதவை மட்டும் தாழ் போடாதீங்க. சும்மா சாத்தி வையிங்க." கைலாசநாதன் தலையாட்டினார். ஓடு பிரித்துத் திருடன் இறங்கினால் லத்தீப்பா வந்து பிடிக்கப்போகிறார் என்று அன்றைக்கே திரிபுரசுந்தரியிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் விளக்கேற்றும் நேரத்தில் அவள் நடைக்குப் போய் அந்த இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துவிடுவாள். கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு டொக்கென்று ஒரு சத்தம். அது கேட்டால் பொழுது சாய்ந்தது என்று அர்த்தம்.

மறுநாள் சாயங்காலம் அவளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு அவரே காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். யார் எழுதியது தப்பு என்று பார்த்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டார். காமிரா வாசலில் நிற்கிறது, என்று மனசுக்குள் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நிறுத்துவதுபோல அதை வாசற்படியில் நிறுத்தினார். வெளியே கார் வந்து நிற்கிற ஓசை, வேதரத்தினத்தின் பூட்ஸ், வெற்றிலைக் காவியேறிய படி, எல்லாம் ஒழுங்காக வந்தன. பிறகு காட்சி மெல்லக் கழன்று மேலே போயிற்று. அவர் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. கூடம் கீழே போயிற்று. தூண்கள் கீழே போயின. எல்லாவற்றுக்கும் முன்னால் கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள், மீன்வலையை முகத்துக்கு நேரே பிடித்தாற்போல. கட்டங்களுக்கு அப்பால் மண்பானை, அதன் வயிற்றில் ஈரம் கசிந்து தரையில் ஒரு கறுப்பு வட்டம். அவர் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பானைக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி, அதில் ஓர் ஆள். உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு வழுக்கை.

கண்ணைத் திறந்தார். யாரப்பா அந்த வழுக்கைத் தலையன் என்று முதலில் தோன்றியது. இந்த வீட்டில் ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

காலையில் மேரிக்குப் போகும் வழியில் சவரக்கடையில் நுழைந்து, தலைக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். நாவிதர் சிரித்துக்கொண்டே பிடித்தார். இருந்தது. நடு உச்சியில், வட்டமாக, எட்டணா அளவுக்கு.

"இது எப்பேருந்து?"

"இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்குங்க. உசரமா நின்னு பாத்தாத்தான் தெரியும்."

அவர் பாராத ஒன்றை அவர் எப்படிப் பார்த்தார்? வேதரத்தினமாக இருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் தலையை உசரத்திலிருந்து பார்க்கக்கூடியவள், நாற்காலிக்குப் பின்னால் நின்று எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் ஒருத்திதான். சாயங்காலம் அவளையே கேட்டார்.

"வழுக்கையா? ஆமா, ரெண்டு மாசமா இருக்கு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லலே," என்றாள்.

ஆக, இவளும் மறைக்கிறாள். கைலாசநாதன் அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்த நாள் மேரியிலிருந்து நேரே அரசலாற்றுக் கரைக்குப் போனார். வெயில் சாய்ந்திருந்தது. முகத்துவாரத்திலிருந்து உப்புக் காற்று, கரையில் ஏற்றிவைத்த படகுகளின் கருவாட்டு வாடை, தூரத்தில் யாரோ மரத்தைக் கொட்டாப்புளியால் தட்டுகிற ஓசை. புல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வாசல் வரவில்லை. வேதரத்தினம் வரவில்லை. ஒரு நொடி கூடப் பிடிக்கவில்லை, கட்டங்கள் வந்துவிட்டன. கட்டங்களுக்குக் கீழே அவருடைய கூடம். திரிபுரசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். கதையில் அவளுக்கு வேலையே இல்லை. அவர் அவளை நினைக்கவும் இல்லை. தூணோரம் வந்தவள் விளக்குமாற்றை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். நேராக அவரைப் பார்த்தாள்.

வீட்டுக்கு அவர் ஓடித்தான் வந்தார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"கூடம் பெருக்கினேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நடுவிலே நிறுத்தினியா? மேலே பாத்தியா?"

அவள் முகம் மாறிற்று. "பாத்தேன். அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நகந்தாப்பல இருந்துச்சு. எலியா இருக்கும்னு விட்டுட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?" பிறகு, பதிலுக்குக் காத்திராமல், தாழ்ந்த குரலில், "என்னங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படத்துலயாவது அந்தப் பொண்ணை ஓடவிடாதீங்க. எழுதறப்ப எனக்குக் கை வரமாட்டேங்குது," என்றாள்.

அவர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு செம்பு குடித்தார். தாகம் அடங்கவில்லை.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறித் திருமலைராயன்பட்டினம் போனார். அப்துல் லத்தீப் கடையைச் சாத்திவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஒடிசலான மனிதர், வெள்ளைத் தொப்பி, பேசும்போது ஆளைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறவர். கைலாசநாதன் சுற்றிவளைக்கவில்லை.

"மரைக்காயரே, கூடத்து மேலண்டைச் சுவர் முன்னே எப்படி இருந்துச்சு?"

லத்தீப் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மரக்கிராதி இருந்துச்சு. மாடி ரூமுலேருந்து கூடத்தைப் பாக்கறதுக்கு. பொம்பளைங்க அங்கே நின்னு மாப்பிள்ளை பாப்பாங்க, மவுலூது ஓதறதைக் கேப்பாங்க. அவங்க நம்மளைப் பாக்கலாம், நமக்கு அவங்க தெரியமாட்டாங்க. யுத்தத்துக்கப்புறம் இந்தப் பக்கம் பூசிட்டோம்."

"ஏன்?"

"உங்க நாவலை நான் படிச்சேன்," என்றார் லத்தீப். "அவ எனக்கு ராத்தா, கூடப் பொறந்த அக்கா. சுல்தான் பீவி."

ஓடிப்போன கப்பல்காரர் வீட்டுப் பெண்ணைப்பற்றிக் கைலாசநாதன் கடைத்தெருவில் கேட்டிருந்தார். எந்த வீடு என்று பேசியவர்களும் சொல்லவில்லை, அவரும் விசாரிக்கவில்லை. பேரையும் மதத்தையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று இருந்துவிட்டார்.

"ஒரு வண்டி திட்டச்சேரிக்கு, ஒரு வண்டி கூத்தாநல்லூருக்கு. ரெண்டுலயும் திரை. உள்ளே யார் இருக்கான்னு ஆம்பளைங்க நாங்க எட்டிப் பாக்கறதில்லே. திட்டச்சேரி வண்டிக்காரங்க அவ கூத்தாநல்லூர் வண்டியிலே இருக்கான்னு நினைச்சாங்க. கூத்தாநல்லூர் வண்டிக்காரங்க திட்டச்சேரி வண்டியிலேன்னு நினைச்சாங்க. கிளம்பற நேரத்துல, சைகோனிலேருந்து மச்சான் அனுப்பின போட்டோவை எடுக்க அவ மாடிக்குப் போயிருக்கா. யாருக்கும் சொல்லலே. எங்க உம்மா வழக்கம்போல எல்லாக் கதவையும் தாழ் போட்டுட்டு வந்து வண்டியிலே ஏறினாங்க. விளக்கு வைக்கிற நேரம், கை பழகிப்போச்சு. தெருவே காலி. எவ்வளவு சத்தம் போட்டாளோ, கேக்க நாய்கூட இல்லே. நாங்க ஊர் திரும்ப மூணு மாசமாச்சு."

அவர் தொப்பியை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கூடத்துல பானை நிறையத் தண்ணி இருந்திருக்கு. கிராதியிலேருந்து நேரா தெரியும். அதான் பூசிட்டோம். என்னாலே அந்தக் கூடத்துல நிக்க முடியலே. உம்மாக்கிட்ட, அவ ஓடிப்போயிட்டான்னு சொன்னோம். தன் கையாலதான் தாழ் போட்டோம்னு தெரிஞ்சா அன்னிக்கே மவுத்தாயிருப்பாங்க. ராவோட ராவா அடக்கம் பண்ணிட்டு, ஊர் பேசறதைப் பேசட்டும்னு விட்டுட்டோம். நாங்க அவளை ஓடிப்போனவளாக்கினோம். நீங்க திருடியாக்கினீங்க. சினிமாவுலே என்னவாக்கப் போறீங்க?"

அந்த நேரத்தில் கைலாசநாதன் உண்மையாகவே வெட்கப்பட்டார். எழுதியதை மாற்றிவிடுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"கதவு சாத்தித்தானே இருக்கு? தாழ் போடறதில்லையே?" என்று லத்தீப் கேட்டார்.

"இல்லே, இல்லே," என்றார் கைலாசநாதன்.

திரும்பி வரும் பஸ்ஸில் காற்று முகத்தில் அடிக்க அடிக்க வெட்கம் காய்ந்து, அந்த இடத்தில் சந்தேகம் முளைத்தது. லத்தீப் இத்தனை வருஷம் மூடிவைத்ததை இன்றைக்கு ஏன் கொட்டுகிறார்? தமக்கை பேர் படத்தில் நாறக்கூடாது என்பது அவருடைய காரியம். திரிபுரசுந்தரி என்ன சொன்னாள்? ஓடவிடாதீங்க. அதே பேச்சு. ஓடு மாற்றப் போன மாசம் லத்தீப் ஆளோடு வந்தாரே, அப்போது அவர் மேரியில் இருந்தார், அவள்தான் வீட்டில் இருந்தாள். சுவருக்குப் பின்னால் நகர்ந்தது எலி இல்லை. பூச்சில் ஓர் ஓட்டை. அதன் வழியாக யாரோ. கண்ணை மூடி அரைத்தூக்கத்தில் கிடக்கிறவன் காதில் மெல்லச் சொன்னால் போதும்: காமிரா மேலே இருக்கிறது. ஆற்றங்கரையில் பார்த்ததற்கு மட்டும் இந்தக் கணக்கில் இடம் வரவில்லை. வேதரத்தினமும் சில சமயம் ஒரு தடயத்தை வசதியாக மறந்துவிடுவார். அதைப்போல இவரும் மறந்தார்.

வியாழக்கிழமை திரிபுரசுந்தரி கைலாசநாதர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தன் பேர் கொண்ட சாமிக்கு அர்ச்சனை செய்துவரச் சொல்லி, தான் கடற்கரைப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டு அவர் முன்னதாகவே வெளியேறினார். தெருமுனையில் நின்று, அவள் போவதைப் பார்த்து, திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை சுப்ராயன் வந்துவிடுவான். அதற்குள் இந்தச் சூதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தாழ்ப்பாளை நீக்கினார். கிறீச். செருப்பைக் கழற்றிப் படிக்கட்டின் உள்பக்கம் வைத்தார். வெளியே கிடந்தால் அவள் பார்த்துவிடுவாள். கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டார்.

படிகள் செங்குத்தாக இருந்தன. வௌவால் நாற்றம், அதற்கு அடியில் கற்பூரமரப் பெட்டியின் வாசனை, அதற்கும் அடியில் காய்ந்துபோன அத்தர். மாடி அறையில் ஓட்டுச் சந்து வழியாகச் சாயங்கால வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்திருந்தது. பெட்டிகள், சுருட்டிய பாய்கள், ஒரு தொட்டில். தரையெல்லாம் தூசி, அதில் எலித்தடம் கூட இல்லை. கிழக்குச் சுவரில் பலகைகள் சாய்த்திருந்தன. ஆள் ஒளிய இடமில்லை. ஓட்டை இருந்தால் அந்தப் பலகைக்குப் பின்னால்தான்.

ஒவ்வொன்றாக நகர்த்தினார். கடைசிப் பலகைக்குப் பின்னால் கிராதி இருந்தது. தேக்குச் சட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாக. ஓரிடத்தில் மட்டும், ஒரு பெண்ணின் நெற்றி உயரத்தில், மரம் கறுத்து வழவழவென்று மின்னியது. அங்கே நெற்றி பட்டுப் பட்டு எண்ணெயேறியிருந்தது. எவ்வளவு நேரம் நின்றால் தேக்கு இப்படி ஆகும் என்று அவர் யோசித்தார்.

குனிந்து, அந்த இடத்தில் நெற்றியை வைத்தார்.

கூடம் தெரிந்தது.

பூசிய சுவர். உத்தரம் வரைக்கும் வெள்ளையடித்த சுவர். தினமும் அவர் பார்க்கிற சுவர். ஆனாலும் தெரிந்தது. தூண்கள். பானை. தரையில் ஈரத்தின் வட்டம். பிரம்பு நாற்காலி காலியாக.

நாக்கு ஒட்டிக்கொண்டது.

வாசற்கதவு திறந்தது. திரிபுரசுந்தரி பிரசாதத்தோடு உள்ளே வந்தாள். இத்தனை சீக்கிரம் எப்படி? ஓட்டுச் சந்தைப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. எப்போது போயிற்று? அவள் விளக்கைப் போட்டாள். கூடத்தைத் தாண்டினாள். நடைப்பக்கம் திரும்பினாள்.

"சுந்தரி," என்றார்.

அவள் நிற்கவில்லை.

"சுந்தரி, நான் மேலே இருக்கேன்."

கிறீச்.

டொக்.

படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினார். கதவைத் தட்டினார். இரண்டு கையாலும் அறைந்தார். மரம் அதிர்ந்தது. சத்தம் வரவில்லை. கத்தினார். தொண்டை கிழிந்தது. தன் குரலே தன் காதில் விழவில்லை. மேலே ஏறினார். கிராதியைப் பிடித்து உலுக்கினார். கீழே அவள் தாள்களை எடுத்துக்கொண்டு தன் வழக்கமான இடத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"எப்ப வந்தீங்க? செருப்பு கூடக் காணும்," என்றாள்.

அவரிடம் இல்லை. நாற்காலியிடம்.

நாற்காலியில் ஆள் இருந்தது. மேலிருந்து தலை மட்டும்தான் தெரிந்தது. உச்சியில் எட்டணா அளவுக்கு வழுக்கை. கை இரண்டும் நாற்காலிக் கையில். அசையவில்லை.

"தண்ணி," என்றது.

அவருடைய குரல். கொஞ்சம் காய்ந்து, பழக்கம் விட்டுப்போன மாதிரி.

திரிபுரசுந்தரி செம்பில் மொண்டு கொடுத்தாள். அது குடித்தது. இன்னொரு செம்பு. இன்னொன்று. தொண்டை ஏறி இறங்குகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் சிரித்தாள். "எழுதிட்டுக் குடிப்பீங்க. இன்னிக்கு எழுதறதுக்கு முன்னேயேவா?"

"எழுதிக்க," என்றது அந்தக் குரல். "அந்தப் பொண்ணு ஓடலே. வீட்டிலேதான் இருந்தா."

அவள் முகம் மலர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் ஒரு சூதும் செய்யவில்லை என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. அவள் அவர்மேல் வைத்திருந்த அன்பெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. அது நாற்காலியைப் பார்த்து இருந்தது. அவர் கிராதியில் முகத்தை அழுத்தி, வாயைப் பிளந்து, அவள் பேரைக் கத்தினார்.

"காமிரா எங்கே நிக்குது?" என்று அவள் கேட்டாள்.

"வாசல்ல."

"அப்பாடா. இன்னிக்காவது சரியாச் சொன்னீங்களே." எழுதினாள். "என்ன பாக்குது?"

"மேலே பாக்குது. சுவத்தை."

திரிபுரசுந்தரி, சரியாக எழுத வேண்டுமே என்று, தலையை நிமிர்த்தினாள். நேராக அவரைப் பார்த்தாள். கண் சிமிட்டாமல், பொறுமையாக, இடமும் வலமுமாகத் தேடிப் பார்த்தாள்.

"சுவத்துல என்ன இருக்கு?" என்றது குரல்.

"ஒண்ணுமில்லீங்க. வெறும் வெள்ளைதான்."

"அப்படியே எழுதிக்க."

அவள் குனிந்து எழுதினாள்.